பக்கத்துப் படத்திலிருந்த பெண்

அத்தியாயம் 14

போன வாரம் துர்காதேவியைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். அவள் கையில் கணவன் லோகேஷின் கைப்பேசி. திரையில் திரிஷா என்று ஒரு பெயர். அந்தப் பெயரோடு ஒரே நாளில் போய் வந்த செய்திகள் நாற்பத்தேழு.

அத்தனையும் கால்பந்தைப் பற்றித்தான். காதல் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரி கிடையாது. இருந்திருந்தால் நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பாள். பந்து யார் காலில் பட்டுப் போனது என்று பேசிக்கொள்கிறவர்களிடம் எந்தப் பெண்டாட்டி என்னவென்று சண்டைக்குப் போவாள்? கைப்பேசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஐந்து நாளாயிற்று. வயிற்றில் பற்றியது மட்டும் அணைந்தபாடில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் தறியில் உட்கார்ந்தபோது மணி ஒன்பது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய முகூர்த்தச் சேலை. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை.

கோர்வைச் சேலையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. லோகேஷ் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வான். துர்காதேவி அவனுக்கு வலப்புறம் உட்கார்ந்து கரை இழையைச் சுமந்து ஓடும் நாடாவைத் தள்ளுவாள். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் கோத்து முடிக்கும்முன் அவன் இழையை இறுக்கும் பலகையை அடித்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். அப்படி அவன் அவசரப்படும்போது அவள் "இருங்க" என்பாள். ஒன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொல்லி அவன் மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே சொல் அதுதான்.

அவன் பைத்தியம் பிடித்து அலைகிற அந்த இங்கிலாந்து கிளப்பின் சட்டையும் இதே அரக்கும் மாம்பழமும்தான். நார்த்ஹேவன் என்று பெயர். ஆறு வருடத்துக்கு முன்னால் டீக்கடைத் தொலைக்காட்சியில் அந்தச் சட்டையைப் பார்த்து, "நம்ம சேலை கலருபா" என்று சும்மா நின்றவன், இன்றைக்குப் பதினொரு பேர் சேர்ந்த ரசிகர் மன்றத்துக்குத் தலைவன்.

ஒன்பதரைக்குக் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவனின் கை நாடாவோடு நின்றுவிட்டது.

"இன்னாங்க ஆச்சு?"

"தூக்கிட்டாங்க."

"யார?"

"ஹால்கிராஃப்ட்ட. மேனேஜர. எட்டு மேட்ச் தோத்துட்டாருன்னு எட்டு வருஷத்தயும் தூக்கிக் கடாசிட்டாங்க துர்கா."

"யாரு சொன்னாங்க?"

"குரூப்புல வந்துச்சு."

குரூப்பில் வரவில்லை. அவளுக்குக் கண் நன்றாகவே தெரியும். திரையில் இருந்தது ஒரே பெயர்.

துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான் லோகேஷ். தோள் குலுங்கியது. தும்மல் வருகிறது போலிருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். துண்டை எடுத்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் குழந்தை தங்காமல் போனபோதும் அவன் அழவில்லை. மருத்துவமனை வாசலில் நின்று இளநீர் வெட்டி வாங்கிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது. எழுதுவதற்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்து, அவனை அழ வைக்கிற உரிமையையும் எடுத்துக்கொண்டவள் மேல் இன்னும் அதிகமாக இருந்தது.

அவன் மறுபடி நெய்ய ஆரம்பித்தான். நாலு ஓட்டத்துக்கு ஒரு முறை கைப்பேசி அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் கண் அங்கே போனது, கை இங்கே தானாகப் பலகையை அடித்தது. அவள் கோக்கும்முன் அடித்தான். கரை இழை உடலைப் பிடிக்காமல் தனியே திரும்பி வந்தது.

துர்காதேவி வாயைத் திறந்தாள். அதற்குள் மறுபடி ஒரு அதிர்வு. படித்துவிட்டு அந்த அழுத முகத்திலேயே லேசாகச் சிரித்தான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். இருங்க என்று சொல்லவில்லை. அடுத்த ஓட்டத்துக்கும் சொல்லவில்லை. நாலு விரற்கடை நீளத்துக்கு உடல் ஒரு பக்கமும் கரை ஒரு பக்கமுமாகப் போனதைப் பார்த்துக்கொண்டே கரை நாடாவைத் தள்ளினாள். நல்ல கைகாரி அவள். தெரிந்தே ஒரு வேலையைக் கெடுத்தது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.

பத்தரைக்கு அவன் எழுந்தான்.

"மன்றத்துல எல்லாரும் கூடறாங்க. ஒரு அவர்ல வந்துடறேன்."

"வெள்ளிக்கெழம சேல குடுக்கணும்."

"தெரியாதா எனக்கு? மனசு சரியில்ல துர்கா. வுடேன்."

"எங்கப்பா செத்தப்போ மனசு சரியாத்தான் இருந்துச்சா?"

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினான். "அது வேற, இது வேற."

"ஆமா, வேறதான். எங்கப்பாவுக்கு உங்க பேராச்சும் தெரியும். இந்தாளுக்கு லோகேஷ்னு ஒருத்தன் இருக்கறதே தெரியாது. எங்கப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சாங்களே, அதுல மருமகன் பேரு எங்க? பேனர் கடை வசந்த் போன் பண்ணி பேரு கேட்டப்போ நீங்க மேட்ச் பாத்துக்கினு இருந்தீங்க."

"இன்னும் எத்தினி நாளைக்கு இதயே சொல்லிக்கினு இருப்ப?"

"சாவற வரைக்கும்."

அவன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் நின்று பார்த்தாள், ஒரு முறையாவது திரும்பிப் பார்ப்பான் என்று. பார்க்கவில்லை.

அரிசி களையும்போது அவளுக்குப் பழைய ஞாயிற்றுக்கிழமை ஒன்று நினைவுக்கு வந்தது. அவனோடு பேச ஒரு விஷயம் வேண்டுமே என்று சமையலறை நிலைப்படியில் நின்றபடியே ஒரு வருடம் ஆட்டம் பார்த்திருக்கிறாள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தராமல் தானாகவே கண்டுபிடித்தாள். ஒருநாள் கோல் விழுந்து அவன் துள்ளியபோது, "அது ஆஃப்சைடுங்க, கொடி தூக்குவான் பாருங்க" என்றாள். கொடி தூக்கினான். லோகேஷ் அவளை ஏற இறங்கப் பார்த்து, "உனுக்கு எதுக்கு இதெல்லாம்? சாம்பார் தீயுது பாரு" என்றான்.

அதே ஆஃப்சைடைத் திரிஷா எழுதியதற்கு அவனிடமிருந்து பத்து வரி பதில், மூன்று கைதட்டல் பொம்மை. துர்காதேவி அதைத்தான் குளியலறையில் நின்று படித்தாள். அவளை எரித்தது அந்தக் கைதட்டல்கள்தான்.

மணி பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. ஒரு அவர் என்று போனவனைக் காணோம். இரண்டு முறை கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை, கைப்பேசி அணைக்கப்பட்டுள்ளது என்றது குரல்.

ஒன்றரைக்கு வாசலில் கேட்ட ஓலத்தில் எதிர்வீட்டுத் தறிச் சத்தமே நின்றது.

"அடிப்பாவி மவளே, உன் தலையில இடி வுழுந்துச்சேடி."

துர்காதேவியின் அம்மா வடிவாம்பாள். வாலாஜாபாத்திலிருந்து மாதம் ஒரு முறை முருங்கைக்காயும் கீரையுமாக வருகிறவள். இன்றைக்கும் ஒரு கையில் முருங்கைக்காய்ப் பை இருந்தது. இன்னொரு கையில் ரோஜா மாலை.

"இன்னாம்மா? யாருக்கு இன்னா?"

"மாப்ள போயிட்டாரேடி. பஸ் ஸ்டாப்பாண்ட பேனர் கட்டிகிறாங்களே. கண்ணீர் அஞ்சலின்னு, வெளக்கு எரியற மாதிரி போட்டு, அம்மாம் பெரிய படம். பஸ்ஸுல இருந்து பாத்துட்டு எனுக்குக் கை காலு ஓடல. பெத்தவ எனுக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு யாருக்கும் தோணலியா?"

துர்காதேவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துல ஒரு பொண்ணு படமும் இருக்குதுடி. சின்ன வயசு. மூக்கும் முழியுமா இருக்குது, பாவம். ரெண்டு பேரும் ஒண்ணா அடிபட்டிருக்காங்க போலிருக்குது, ஒரே வண்டியில."

துர்காதேவி கேட்டாள்: "யாரும்மா அந்தப் பொண்ணு?"

வடிவாம்பாளின் அழுகை பாதியில் நின்றுபோனது. மகளை வெறித்துப் பார்த்தாள். எதிர்வீட்டு மங்கையர்க்கரசி, ஓடி வந்தவள், புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

எப்படிப் போனார் என்று கேட்கவில்லை, எங்கே என்று கேட்கவில்லை, பொய் சொல்லாதே என்று அம்மாவை உலுக்கவில்லை. யார் அந்தப் பெண், அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவள் யார், தோளைப் பிடித்துக்கொண்டு போனாளா, பிடிக்காமல் போனாளா? செத்துப் போகும்போதுகூட என்னை விட்டுவிட்டு அவளோடு போனானா? புருஷன் செத்தான் என்ற செய்தி வந்ததும் அவள் மனதில் முதலில் எழுந்து நின்றது துக்கம் அல்ல, இதுதான்.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. சாவற வரைக்கும் என்று தான் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. செருப்பில்லாமல் ஓடினாள். வெயிலில் தார் கொதித்தது. சாயப்பட்டறைத் தண்ணீரில் கால் வழுக்கிற்று. பின்னாலேயே வடிவாம்பாள் மாலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவர, சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று வழிவிட்டார்கள்.

பேனர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் மாலை போட்ட சட்டத்துக்குள் லோகேஷ். அவனை ஒட்டினாற்போல் இன்னொரு சட்டத்தில் குட்டைமுடி வைத்த ஒரு பெண்.

கண் மங்கியது. துடைத்துக்கொண்டு படித்தாள். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: "நார்த்ஹேவன் கிளப்பின் மேனேஜர் பதவியிலிருந்து அநியாயமாக நீக்கப்பட்ட எங்கள் தலைவர் ஹால்கிராஃப்ட் அவர்களுக்கு. ஆழ்ந்த வருத்தத்தில் தலைவர் லோகேஷ், செயலாளர் திரிஷா மற்றும் மன்றத்தார்." வலது மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளைக்காரர் முகம்.

"ஏ வசந்த்," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. "என் மாமியாரு மாலயோட வராங்கபா. இன்னா ஆச்சு பாரு."

டீக்கடை நிழலில், கையில் டீ கிளாஸோடு, உயிரோடு நின்றுகொண்டிருந்தான் லோகேஷ்.

துர்காதேவி அங்கேயே, தார் ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஓடிவந்து குனிந்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்தாள், துணி கிழிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள். பட்டு நூல் ஏறிய அவன் விரலின் காய்ப்பு அவள் மணிக்கட்டில் பட்டது. போதும் சாமி, இது போதும் என்று நினைத்தாள்.

பேனர் கடை வசந்த் கையைப் பிசைந்தான். "நெட்டுல எடுத்த படம் அண்ணி. பெருசு பண்ணா புள்ளி புள்ளியா போவுது. அதான் மேனேஜர சின்னதா மூலையில வெச்சுட்டு, நம்ம ஆளுங்க படம் கிளியரா இருந்துச்சேன்னு பெருசா போட்டேன். அஞ்சலிக்கு ரெடியா ஒரு டிசைன் இருக்குது, அதுல ரெண்டு போட்டோவுக்கு எடம். வெளக்கு அதுலயே வந்துடும்."

"தூக்கிட்டாங்கன்னா வேலய வுட்டுத்தானேடா தூக்கினாங்க? பாடையிலயா தூக்கினாங்க?" என்றாள் வடிவாம்பாள். மூச்சு வாங்கியது. "இந்த மால இப்போ இன்னாத்துக்கு ஆவும்? ஊட்டுக்கு எடுத்துக்கினு போகக் கூடாது."

வசந்த் ஏணி வைத்து ஏறி, அந்த மூலைப் படத்தின் மேல் மாலையைக் கட்டினான். ஹால்கிராஃப்டின் முகம் ரோஜாவுக்குள் முழுதாக மறைந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். துர்காதேவியும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

பார்த்திருக்க வேண்டாம்.

லோகேஷ் படத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் வெள்ளை. நீலம் கிடைக்காமல் தை மாதத்தில் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். தைத்த மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு, தறிக்கு ஒரு சாமான் வாங்கவேண்டுமென்று சென்னைக்குப் போனான். ராத்திரி வெறுங்கையோடு வந்து, கடை மூடியிருந்தது என்றான்.

அவன் தோளுக்குப் பின்னால் ஒரு பச்சை இரும்பு கேட் தெரிந்தது. பாதி கேட். மேலே பித்தளையில் ஒரு மயில், தலையும் கழுத்தும் மட்டும்.

பக்கத்துச் சட்டத்தில் திரிஷாவின் தோளுக்குப் பின்னால் மீதிப் பாதி இருந்தது. அதே பச்சை. மயிலின் தோகை.

ஒரே படம். வசந்த் அதை நடுவில் வெட்டி இரண்டாக வைத்திருக்கிறான்.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் லோகேஷ் ஹால்கிராஃப்டை மறந்துவிட்டு, செத்துப் பிழைத்தவனின் சந்தோஷத்தில் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"நான் பூட்டேன்னு அத்த சொன்னதும் நீ இன்னா பண்ண? அழுதியா?"

துர்காதேவி தண்ணீர்ச் செம்பைத் தேடினாள்.

"எங்க அழுதா?" என்றாள் வடிவாம்பாள், முருங்கைக்காய்ப் பையை இறக்கி வைத்தபடி. "மாப்ள போயிட்டாருன்னு நான் மாருல அடிச்சிக்கினு நிக்கறேன், இவ 'யாரும்மா அந்தப் பொண்ணு'ன்னு கேக்கறா."

லோகேஷ் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் கொஞ்ச தூரம் போய்க்கொண்டேயிருந்தது. துர்காதேவிக்கு முகம் காந்தியது. வெட்கத்தில் பாதி, சந்தேகத்தில் பாதி.

வடிவாம்பாள் கை கால் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். லோகேஷ் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தான். துர்காதேவியும் போய் அவன் வலப்புறம் உட்கார்ந்தாள். காலையில் விட்ட இடத்தைத் தடவிப் பார்த்தவனின் விரல் நின்றது. விரலை உள்ளே விட்டான். உடலுக்கும் கரைக்கும் நடுவே விரல் நுழைந்து அடுத்த பக்கம் வந்தது.

"கோர்வ வுட்டிருக்குதே. நாலு விரக்கட போயிருக்குது. நீ பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்தியா?" அவன் நம்பாமல் அவளைப் பார்த்தான். "பாத்துட்டு ஏன் சொல்லல?"

அவள் நாடாவைக் கையில் எடுத்தாள். அவன் பிரித்தால்தான் அவள் கோக்க முடியும். இன்று முழுக்கப் பிரித்தாலும் மீண்டும் நெய்துவிடலாம், வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். அவனைக் காணாமல் ஓடிய அந்தத் தெருவில், உயிரோடு கிடைத்தால் எதையும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டதும் நினைவிருந்தது. இருந்தும் கேட்டாள்.

"நீங்க ஏன் சொல்லல?"

"நானா? எத?"

"அந்தப் பச்ச கேட்ட."

லோகேஷ் குனிந்துகொண்டான். கோர்வை விட்ட இடத்தில் முதல் இழையைப் பிடித்து, அறுந்துவிடாமல் மெதுவாக உருவ ஆரம்பித்தான். பிறகு இரண்டாவது இழை. பிறகு மூன்றாவது. அவள் காத்திருந்தாள்.

எந்த கேட் என்று அவன் கேட்கவேயில்லை.